ஏலத்துக்குப் போன சிக்கன் பை

மடியில் இருப்பது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை சார். நீங்கள் கேட்டவுடன் தோளில் இருந்த துண்டை இழுத்து மூடிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குன்னூரில் பஸ் ஏறியதிலிருந்தே முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். நீங்களோ நேராகவே கேட்டுவிட்டீர்கள். "என்ன தம்பி, வாசனை ஆளைத் தூக்குது, ஒரு துண்டு கிடைக்குமா?" என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேச்சுக்கு இப்படி ஏதாவது கேட்பார்கள். அது எனக்குத் தெரியும்.

கொடுக்க மனசில்லாமல் இல்லை. வெட்டினால் முழுசாக இருக்காதே. இதை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வளைவு வரும்போதெல்லாம் நான் இதைத் தூக்கிப் பிடிக்கிறேன் பாருங்கள், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

என் மனைவி பெனிட்டாவுக்கு இது. மேட்டுப்பாளையத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை முடிந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். கூப்பிட்டால் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அதனால்தான் இதைச் செய்து எடுத்துக்கொண்டு நானே போகிறேன். இதைப் பார்த்தாலாவது கிளம்பி வருவாளோ என்று.

இதற்குச் சிக்கன் பை என்று பெயர். எங்கள் பக்கத்துப் பழைய பேக்கரிகளில் கிடைக்கும், வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போனது. கோழிக்கறியும் காய்கறியும் கெட்டிக் குழம்பாக உள்ளே இருக்கும், மேலே மைதா மாவை மூடி போலப் போட்டுச் சுட்டிருப்பார்கள். பேக்கரியில் வாங்கினால் விலை எங்களுக்குக் கட்டாது. பெனிட்டா வீட்டிலேயே செய்வாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போர்டிங் ஸ்கூல் சமையல்கட்டில் வேலை பார்த்தாள், அங்கே கற்றுக்கொண்டது. அதை நான் வெளியில் விவரமாகச் சொல்வதில்லை. "ஸ்கூல்ல வேலை பாத்தா" என்பேன். கேட்கிறவர்கள் டீச்சர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் பொய் சொல்லவில்லையே சார்.

செலவில்லாமல் செய்வாள், அதுதான் பிரச்சினையே. கோழிக்கடையில் கழுத்தையும் முதுகெலும்பையும் தனியாக ஒரு தட்டில் தள்ளி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கறி விலையில் கால்வாசிகூட வராது. அதைத்தான் வாங்குவாள். மிளகும் பிரிஞ்சி இலையும் போட்டு நன்றாக வேக வைத்து, எலும்பிலிருந்து கறியை விரலாலேயே உதிர்த்து எடுப்பாள். எலும்பு வெந்த தண்ணீரையும் கொட்ட மாட்டாள். மைதாவை டால்டாவில் வறுத்து, அந்தத் தண்ணீரும் கொஞ்சம் பாலும் ஊற்றிக் கிண்டினால் கெட்டியாக வரும். உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி எல்லாம் எங்கள் மலையில் விளைவதுதான். ஓவன் கிடையாது. அகலமான அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, நடுவில் கிண்ணத்தை இறக்கி, மூடி போட்டு, மூடிக்கு மேலே வெந்நீர் அடுப்பிலிருந்து கங்கு அள்ளிப் போடுவாள். எங்கள் ஊர்க் குளிருக்கு வெந்நீர் அடுப்பு இல்லாத வீடு கிடையாது. அதனால் கங்குக்கும் செலவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா. ஆனால் கழுத்தையும் முதுகையும் யார் சார் வாங்குவார்கள்? நாய் வளர்க்கிறவர்கள் வாங்குவார்கள். ஒரு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம், என்னைப் பார்த்ததும் கோழிக்கடை பாய் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"வாங்க ஆரோன் சார். உங்க வீட்டுக்கு எடுத்து வச்சிருக்கேன், கழுத்து முதுகு. அக்கா சொல்லிட்டுப் போச்சு."

எனக்குப் பின்னால் சர்ச் செக்ரட்டரி ஸ்டான்லி சார் நிற்கிறார். நாட்டுக்கோழி வாங்க வந்திருக்கிறார். "என்ன ஆரோன், நாய் வளக்குறீங்களா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

எங்கள் வீட்டில் நாய் கிடையாது.

"என்ன ஜாதி?" என்றார். "சாதா நாய்தான் சார்" என்றேன். "பேரு?" என்றார். "டைகர்" என்றேன். வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் ஸ்டான்லி சார் டைகரை விசாரிப்பார். பெனிட்டா பக்கத்திலேயே நிற்பாள். ஒருமுறை மட்டும் வீட்டுக்கு வந்து, "டைகருக்குச் சோறு வச்சாச்சு, வந்து சாப்பிடுங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நினைத்தேன்.

நான் பெரிய ஆள் இல்லை சார். குன்னூரில் ஒரு பெயின்ட் கடையில் சூப்பர்வைசர். ஆனால் இந்த வருஷம் சர்ச் கமிட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரைக்கும் போனதில்லை. கமிட்டி மெம்பர் என்றால் பண்டிகைக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். நாலு பேர் பார்ப்பார்கள். நாம் என்ன காணிக்கை கொடுக்கிறோம் என்றும் பார்ப்பார்கள்.

அறுப்பின் பண்டிகை உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்கு ஒரு காணிக்கை கொண்டுவர வேண்டும். தோட்டம் உள்ளவர்கள் முட்டைக்கோஸ், பீட்ரூட் மூட்டை கொண்டுவருவார்கள். தோட்டம் இல்லாதவர்கள் கோழியோ கேக்கோ, வீட்டில் கையால் செய்த பலகாரமோ கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் வைத்து ஜெபம் பண்ணுவார்கள். ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டில் ஏலம். அந்தப் பணம் சர்ச்சுக்கு. ஏலம் என்றால் பொருளுக்கு மட்டும் நடப்பதில்லை சார். யார் வீட்டுக் காணிக்கை எவ்வளவுக்குப் போகிறது என்பதில்தான் அந்த வீட்டு மரியாதை இருக்கிறது. போன வருஷம் ஒரு வீட்டிலிருந்து கேரட் அல்வா வந்தது. கொஞ்சம் இறுகிவிட்டது போலிருக்கிறது. ஒருத்தரும் கேட்கவில்லை. ஸ்டான்லி சார் தூக்கிக் காட்டிக் காட்டி, "சுத்தியல் இலவசம், யாராவது கேளுங்கப்பா" என்று சிரிக்க வைத்தார். கடைசியில் எங்கள் ஆயரே பரிதாபப்பட்டு எடுத்துக்கொண்டார். வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குச் சுத்தியல் வீடு என்றே பெயர். நானும் சிரித்தேன். எல்லோரும்தான் சிரித்தோம்.

அந்தப் பயம்தான் எனக்கு. வேறொன்றும் இல்லை.

"இந்த வருஷம் பேக்கரியில ஒரு நல்ல கேக் சொல்லிடலாம், ரெண்டு அடுக்கு" என்றேன்.

"கடையில வாங்கினதக் கொண்டு போய்க் கர்த்தருக்குக் கொடுப்பாங்களா? கையால செஞ்சதுதான் காணிக்கை. நான் பை செய்யிறேன்."

"அந்தப் பையா?"

"ஏன், அதுக்கு என்ன?"

"இல்ல, கமிட்டி மெம்பர் வீட்டுக் காணிக்கை. அதுல போய் எலும்பு..."

"எலும்பு உள்ள போகாது. கறிதான் போகும்" என்றாள். "கர்த்தர் கோழிக்குக் கழுத்த வச்சிருக்கார்ல, அத அவர்கிட்ட குடுத்தா வேண்டாம்னா சொல்லிடுவார்?"

அவள் அப்படித்தான் பேசுவாள். மெதுவாகப் பேசுவாள், பதில் சொல்ல முடியாது. படுத்தால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இவளுக்கு ஒரு அவமானம் வந்துவிடக் கூடாது என்றுதான் என் கவலையெல்லாம். அவளுக்காகத்தான் சார் நான் லாரன்சைக் கூப்பிட்டேன்.

லாரன்ஸ் கடையில் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவன். பெயின்ட் கலக்குவான். எங்கள் சர்ச்தான். சொன்னதை அப்படியே செய்வான், கூட்டவும் மாட்டான் குறைக்கவும் மாட்டான். கலர் கார்டில் இருக்கிறதை இருக்கிறபடி கொண்டுவருவான். அவனிடம் பணத்தைக் கொடுத்துச் சொன்னேன். "ஏலத்துல எங்க வீட்டு ஐட்டம் வரும்போது நீ கேளு. யாராவது கேட்டா அதுக்கு மேல கேளு. விட்டுடாத. நான் சொன்னேன்னு மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது."

"அண்ணிக்குமா?"

"அண்ணிக்குத்தான் முக்கியமா தெரியக் கூடாது."

பர்லியார் வந்துவிட்டது போலிருக்கிறது. டீ குடிக்க இறங்குகிறீர்களா சார்? நான் இறங்கவில்லை. இதை வைத்துவிட்டு இறங்க முடியாது, எடுத்துக்கொண்டு இறங்கினால் நாலு பேர் கேட்பார்கள்.

வாருங்கள், உட்காருங்கள். எங்கே விட்டேன். ஏலம்.

ஸ்டான்லி சார் வீட்டுக் கேக் நல்ல விலைக்குப் போனது. சேவல் போனது. பிறகு எங்களுடையது. நீல விளிம்பு வைத்த எனாமல் கிண்ணம், இதோ இதே கிண்ணம்தான். ஸ்டான்லி சார் அதை இரண்டு கையாலும் தூக்கினார். "அடுத்தது நம்ம புது கமிட்டி மெம்பர் ஆரோன் வீட்டுக் காணிக்கை. சிக்கன் பை. மேல மூடியிருக்கு. உள்ள என்ன இருக்குன்னு வீட்டுக்காரருக்கே தெரியுமோ என்னமோ. தைரியமுள்ளவங்க கேளுங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லாரன்சைப் பார்த்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "நூறு" என்றது.

கனகமணி டீச்சர். ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். நீங்கள் டீச்சரைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். ஒவ்வொரு வருஷமும் ஏலத்துக்கு வருவார். குடையை விரித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு கட்டுக் கீரைகூட எடுத்ததில்லை. இலவச டீ ஒன்று குடித்துவிட்டு, "விலையெல்லாம் அநியாயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த டீச்சர் கையைத் தூக்கியிருக்கிறார். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"நூத்தம்பது" என்றான் லாரன்ஸ்.

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். "இருநூறு."

பெனிட்டா டீ ஸ்டாலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் குரல் கேட்டதும் ஈரக் கையோடு அப்படியே வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன் சார். கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. டீச்சர் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவள் உதடு லேசாக அசைந்தது, டீச்சரோடு சேர்ந்து அவளும் கேட்கிற மாதிரி. கையிலிருந்த தண்ணீர் புடவையில் சொட்டிக்கொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ளவே தோன்றவில்லை அவளுக்கு.

ஏலம் ஏறிக்கொண்டே போனது. ஸ்டான்லி சார் வீட்டுக் கேக்கைத் தாண்டிவிட்டது. கைதட்டல். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்போது லாரன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். கொடுத்த பணம் முடிந்துவிட்டது, விட்டுவிடவா என்று கண்ணாலேயே கேட்டான்.

தலையை இப்படி ஒரு தடவை இடமும் வலமும் அசைத்திருந்தால் முடிந்திருக்கும். டீச்சருக்குப் போயிருக்கும். நான் மேலும் கீழும் ஆட்டினேன். கேளு, விடாதே என்று. ஏன் ஆட்டினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஏறுகிறதே, நம் வீட்டுப் பெயர் ஏறுகிறதே என்று இருந்தது. ஸ்டான்லி சார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான். பெனிட்டா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கைப்பையை மூடினார். "போதும்ப்பா. என் பென்ஷன் அவ்வளவுதான். நீயே நல்லா சாப்பிடு" என்று லாரன்சிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அத்தோடு முடிந்திருந்தாலும் சமாளித்திருப்பேன். லாரன்ஸ் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். "அண்ணே, விடவே இல்ல பாத்தீங்களா. நீங்க குடுத்தது பத்தல, என் கையில இருந்து போட்டிருக்கேன்" என்று சொல்லிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தான். சொன்னதைச் செய்கிறவன், சொன்னேனே. எனக்குப் பக்கத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை.

பெனிட்டா என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். டீச்சரிடம் எடுத்துக்கொண்டு போனாள். "டீச்சர், நீங்க எடுத்துக்குங்க."

"வேண்டாம்மா" என்றார் டீச்சர். "காணிக்கையா வச்சத ஏலத்துல எடுத்தவங்கதான் சாப்பிடணும். சும்மா வாங்கித் தின்னா எனக்கு இறங்காது." அப்புறம் குனிந்து மோந்து பார்த்தார். "எலும்பு வெந்த தண்ணிய ஊத்தித்தானே கிண்டினே? வாசனையிலேயே தெரிஞ்சுது. கறியை மட்டும் போட்டா இந்த ருசி வராது."

"ஆமா டீச்சர். கழுத்தும் முதுகும்" என்றாள் பெனிட்டா. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

நான் அப்படியே பூமிக்குள் போய்விட்டேன் சார். சுற்றிலும் கமிட்டி. ஸ்டான்லி சார் கேட்டுக்கொண்டிருக்கிறார். "டைகருக்கு மிச்சம் வச்சீங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். கிண்ணத்தை மேசையில் வைத்தாள். முகம் கழுவினாள். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க இத ஒரு தடவையாவது தின்னு பாத்திருக்கீங்களா?"

இதென்ன கேள்வி சார்? நான் சோறு சாப்பிடுகிற ஆள். மைதா சாமான் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அவள் செய்கிற நாளில் எனக்குத் தனியாகச் சோறும் ரசமும் வைத்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் ஒரு தட்டில் அதை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள், நான் சோறு சாப்பிடுவேன். அதைப் பற்றி எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அன்றைக்கு ஏலத்தில் என்ன நடந்தது, இவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சரி என்கிற மாதிரி.

பையை மறுநாள் லாரன்ஸ் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவனும் பணம் போட்டிருக்கிறானே. கடைக்கு வந்து, "அண்ணே, கிண்ணத்த வழிச்சு நக்கிட்டோம்ணே, இன்னொரு தடவை எப்போ?" என்றான். எனக்குக் கீழே வேலை பார்க்கிறவன். வேறென்ன சொல்வான்.

அந்த வாரமே, "அக்காவுக்கு ஒத்தாசைக்குப் போறேன்" என்று கிளம்பினாள். அக்கா நன்றாகத்தான் இருக்கிறார், ஒத்தாசை ஒன்றும் தேவையில்லை. கிண்ணத்தைக் கழுவித் துடைத்துச் சமையல்கட்டு மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மற்றதெல்லாம் அலமாரியில் இருந்தது. இது மட்டும் வெளியில்.

போன் பண்ணினேன். "தப்புதான். மன்னிச்சிடு" என்றேன்.

"என்ன தப்புன்னு சொல்லுங்க."

"லாரன்ச ஏற்பாடு பண்ணினது."

"அது இல்ல."

"உனக்குத் தெரியாம பண்ணினது."

"அதுவும் இல்ல."

"நாலு பேர் முன்னாடி தெரிஞ்சு போனது."

"வச்சிடுறேங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள். அதெல்லாம் இல்லையென்றால் வேறென்ன சார்? இருந்து இருந்து யோசித்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் அக்கா போனை எடுத்தார். "ஆரோன் தம்பி, இங்க இவ வாரத்துக்கு ஒருதரம் பை செய்யிறா. பக்கத்து வீட்டுக்காரங்க கிண்ணத்தோட வந்து வாசல்ல நிக்கிறாங்க. ஒரு துண்டு மிஞ்சறதில்ல" என்றார். கூடப் பிறந்தவள், நொந்துபோய் வந்திருக்கிறாளே என்று தேற்றுகிறார். நல்ல மனசு அவருக்கு.

கனகமணி டீச்சரும் கடைக்கு வந்தார். ஒரு டப்பா டிஸ்டெம்பர் வாங்கிவிட்டு, "பெனிட்டா எப்ப வருவா? அந்தப் பைய அவ கையால ஒருதரம் சாப்பிட்டுடணும் நான்" என்றார். குத்திக்காட்டுகிறார். இத்தனை வயதுக்கு மேல் அவருக்கும் என்மேல் கோபம். நான் குனிந்து ரசீது போட்டுக் கொடுத்தேன். மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்கக்கூட எனக்கு முகமில்லை, கவுண்டரில் வைத்தேன்.

அதற்கப்புறம்தான் தோன்றியது, பேசிப் பிரயோஜனமில்லை, நானே செய்து எடுத்துக்கொண்டு போவோம் என்று. அவள் செய்கிற மாதிரியே, அதே செலவில்லாத சாமானில். கறி வாங்கிச் செய்திருக்கலாம். ஆனால் கழுத்தும் முதுகும் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்று எனக்கே ஒரு வைராக்கியம். பாய் கடைக்குக் காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா ஊர்ல இல்லையே, கழுத்து முதுகு யாருக்கு?" என்றார் பாய்.

"டைகருக்கு" என்றேன்.

பழக்கமாகிவிட்டது சார்.

செய்கிறபோதுதான் தெரிகிறது. கொதிக்கிற சட்டியிலிருந்து எலும்பை எடுத்து, சூடு ஆறுவதற்குள் உதிர்க்க வேண்டும், ஆறிவிட்டால் கறி எலும்பை விடாது. முதுகெலும்பில் இண்டு இடுக்கெல்லாம் கறி ஒட்டிக்கொண்டிருக்கும். பாருங்கள், என் விரல் நுனியை. கொப்பளமே வந்துவிட்டது. அவளுக்கு விரல் நுனி எப்போதும் சிவந்துதான் இருக்கும். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்து ஒருமுறை மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மாவு எனக்கு ஒழுங்காக வரவில்லை. உள்ளே போடுகிறதை ஆற வைத்துவிட்டு மேலே மூட வேண்டும் போலிருக்கிறது. நான் சூடாக இருக்கும்போதே மூடிவிட்டேன். மாவிலிருந்த டால்டா உருகி நடுவில் இறங்கிவிட்டது. ஓரம் கிள்ளுவதும் வரவில்லை. அவள் கிள்ளினால் புடவை மடிப்பு மாதிரி வரிசையாக வரும். நான் கிள்ளியது பல் போன வாய் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் வெடித்து உள்ளே இருந்தது வழிந்திருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இத்தனை வாசனை வருகிறது. மூடியிருக்கிற துண்டை விலக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். வெட்கமாக இருக்கிறது.

கல்லாறு தாண்டிவிட்டோம், இனி சமவெளிதான். புழுக்கம் தெரிகிறது பாருங்கள்.

சார், நான் ஒன்று கேட்கலாமா? நீங்களும் மேட்டுப்பாளையத்தில்தானே இறங்குகிறீர்கள்? அக்கா வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான், மார்க்கெட்டுக்குப் பின்னால். ஐந்து நிமிஷம் என்னோடு வர முடியுமா? நான் கொடுத்தால் அவள் இதை வாங்கி மேடையில் வைத்துவிடுவாள், அவ்வளவுதான். நீங்கள் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். மூன்றாவது மனுஷர், வயதில் பெரியவர். "பஸ்ல உக்காந்ததிலிருந்து வாசனை தாங்கலம்மா, ஒரு துண்டு குடுன்னு கேட்டேன், உன் வீட்டுக்காரர் உனக்குன்னு சொல்லித் தர மாட்டேன்னுட்டார்" என்று சொல்லுங்கள். அது போதும். அவள் முன்னாலேயே ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது.

நிஜமாகவே கேட்டீர்களா? பரவாயில்லை சார். எனக்காகச் சொல்கிறீர்கள். இதைப் போய் யாராவது நிஜமாகக் கேட்பார்களா? கழுத்தும் முதுகும். உங்கள் பெரிய மனசு.

இல்லை, இல்லை, இப்போது வெட்ட வேண்டாம். அங்கே போய் அவள் முன்னால் சாப்பிடுங்கள். அப்போதுதான் அவள் பார்ப்பாள்.

நானா? நான் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. உப்பு அவள் போடுகிற அளவுதான் போட்டேன்.

என்ன சார், நீங்களும் அதையே கேட்கிறீர்கள்? அவளும் அன்றைக்கு அதைத்தான் கேட்டாள்.

ஸ்டாண்ட் வந்துவிட்டது. பார்த்து இறங்குங்கள், படி உயரம். இந்த வழிதான். மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனால் பச்சைக் கதவு வைத்த வீடு, வாசலில் முருங்கை மரம் நிற்கும். நீங்கள் முன்னால் போய்க் கதவைத் தட்டுங்கள், கிண்ணத்தோடு நான் பின்னால் நிற்கிறேன். வேறென்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் சார். நான் சொல்லித்தான் சொல்கிறீர்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.